இரண்டாவது கருமாதி

கோகிலவாணிக்குக் கருமாதி முதலில் நடந்தது. சாவு அதற்குப் பிறகுதான் வந்தது.

வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக, உயிரோடு இருந்தவளின் படத்துக்கு அப்பா மாலை போட்டார். மொட்டை அடித்துக்கொண்டார். ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடும் போட்டார். வந்தவர்கள் ரசம் பிரமாதம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறகு அவள் பிரசவத்தில் நிஜமாகவே செத்துப்போனாள். சொல்ல வந்தவர்களிடம் அப்பா கேட்டது இதுதான்: "ஒருத்திக்கு எத்தன தடவைய்யா கருமாதி பண்றது?"

தங்கை நித்தியகலா அந்தக் கோபத்தோடுதான் மெக்சிகோவுக்குப் படிக்கப் போனாள். ஓஹாக்கா நகரத்தில் பேராசிரியை ஒஃபேலியாவிடம் மாணவியாகச் சேர்ந்து, அவர் வீட்டு மாடியிலேயே தங்கினாள். அவரை எல்லோரும் 'மாயெஸ்த்ரா' என்பார்கள். ஆசிரியை என்று பொருள். யாராவது கேள்வி கேட்டால் மாயெஸ்த்ரா பதில் சொல்லமாட்டார். ஒரு வேலையைக் கொடுப்பார்.

இறந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவதாக அந்த ஊர் நம்பும் நாட்கள் நெருங்கின. அங்கே குழந்தையாகப் போனவர்களுக்கு ஒரு நாள், விபத்தில் போனவர்களுக்கு ஒரு நாள், பெரியவர்களுக்கு ஒரு நாள்.

"கருமாதி முடிஞ்ச பிறகு செத்தவ எந்த நாள்ல வருவா, மாயெஸ்த்ரா?"

மாயெஸ்த்ரா ஒரு கூடை செண்டுமல்லியை அவள் முன்னால் வைத்தார். இதழ்களை உதிர்த்து வாசலிலிருந்து படையல் மேசை வரை பாதை போடச் சொன்னார்.

"எங்க ஊர்ல பிணத்த வெளிய கொண்டுபோறதுக்குத்தான் பூ இறைப்போம்."

"இங்க உள்ள கூட்டிட்டு வர்றதுக்கு."

மேசையில் மாயெஸ்த்ராவின் அம்மா படம் இருந்தது. கணவர் படம் இருந்தது. ஆளுக்கொரு மெழுகுவர்த்தி. மகன் அபெலார்தோவின் படம் மட்டும் சமையலறைச் சுவரிலேயே தொங்கியது. ஒரு காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போனவன். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வருஷங்கள் ஆகிவிட்டன. அவன் கதை முடிந்துவிட்டது என்று தெருவே சொன்னது.

"எல்லாரையும் வச்சீங்க. பையன மட்டும் ஏன் ஒதுக்கினீங்க? எங்க அப்பாவுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

மாயெஸ்த்ரா பையை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கக் கிளம்பினார்.

நித்தியகலாவுக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு வீட்டில் இன்னொரு அநியாயம், அதையும் பார்த்துக்கொண்டு நிற்பதா? சுவரிலிருந்து படத்தை இறக்கினாள். துடைத்தாள். அவனுடைய பாட்டிக்கும் அப்பாவுக்கும் நடுவில் அபெலார்தோவை வைத்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

திரும்பி வந்த மாயெஸ்த்ரா மேசையைப் பார்த்தார். ரொட்டிப் பையைத் தரையில் வைத்தார். எரிந்துகொண்டிருந்த திரியை விரலாலேயே நசுக்கி அணைத்தார்.

"மாயெஸ்த்ரா, கை சுட்டுடும்!"

"சுடட்டும்."

படத்தை எடுத்துப்போய்ச் சுவரில் மாட்டினார். அது நேராகத் தொங்க வெகுநேரம் பிடித்தது.

"இந்த மேச, வாசனைய மட்டும் மோந்துட்டுப் போறவங்களுக்கு. என் பையன் வந்தா சாப்பிடுவான்."

"அவன் இல்லன்னு ஊரே சொல்லுது."

"உங்க அப்பா மாலை போட்டப்போ ஊர் என்ன சொல்லுச்சு?"

"சரின்னுதான் சொல்லுச்சு."

"அந்த நேரம் உங்க அக்கா எங்க இருந்தா?"

"திருப்பூர்ல. வாடகை வீட்டுல."

"என்ன பண்ணிட்டிருந்தா?"

"யாருக்குத் தெரியும்? சமைச்சிட்டு இருந்திருப்பா."

"இவனும் எங்கயாவது சமைச்சிட்டு இருப்பான்."

"அது வேற, இது வேற. அவ உயிரோட இருக்கான்னு அப்போ எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு அப்படி இல்லியே. நிஜமா நம்புறீங்களா, மாயெஸ்த்ரா?"

"இல்ல."

நித்தியகலா தலை குனிந்தாள். பூ உதிர்த்த விரல்களெல்லாம் மஞ்சளாக இருந்தன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், வாதம்தான் வந்தது.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. என் அக்கா எந்த நாள்ல வருவா? சொல்லுங்க, அந்த நாள்ல நான் பாதை போடுறேன்."

மாயெஸ்த்ரா நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை வேலை எதுவும் கொடுக்கவில்லை.

"கருமாதிக்கு அப்புறம் உங்க வீட்டுப் பக்கம் வந்தாளா?"

"ஒரே ஒரு தடவ. வயித்துப் பிள்ளையோட. கேட்டுக்கு வெளிய நின்னா."

"கூப்பிட்டாளா?"

"அம்மாவக் கூப்பிட்டா. அப்புறம் என்னைக் கூப்பிட்டா."

"நீ எங்க இருந்த?"

"உள்ள. ஜன்னலுக்குப் பக்கத்துல."

"யாராவது திறந்தீங்களா?"

நித்தியகலா இல்லையென்று தலையாட்டினாள்.

"அதுதான் மகளே, அவ வந்த நாள்."