நூறு கேட்ட நாச்சிமுத்து

பொள்ளாச்சியில் நாச்சிமுத்துவின் கட்டடத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள் கோகிலவாணி. அவர் கேட்டபடி, ஊரிலேயே பெரிய கேமிங் கம்ப்யூட்டரை அவர் வீட்டில் பொருத்திக் கொடுத்தாள். மறுநாளே ஆள்விட்டுக் கூப்பிட்டார். கூடத்தில் அவருடைய நண்பர்களும் இருந்தார்கள்.

"கார் ரேஸ் ஆடுறேன். மெஷின் முப்பது சதவீதம்தான் வேலை செய்யுதுன்னு திரையிலயே காட்டுது. மீதி எழுபது தூங்குதா? இப்பவே நூறாக்கு. இல்லைன்னா கடையைக் காலி பண்ணு!"

"அந்த விளையாட்டுக்கு அவ்வளவுதாங்க வேணும். சாதாரண மெஷின்லயும் ஓடற மாதிரி செஞ்சதுங்க."

"சாக்குச் சொல்லாதே!"

கோகிலவாணி "சரிங்க" என்று உட்கார்ந்தாள். மெஷின் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதிக்கிற புரோகிராம் ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டாள். எண் நூறுக்கு ஏறியது. நாச்சிமுத்து மீசையை நீவிக்கொண்டு ஆட உட்கார்ந்தார்.

மெஷினுக்குள் விசிறிகள் ஊளையிட்டன. பலமெல்லாம் அந்தச் சோதனைக்கே போக, கார் நின்று நின்று நகர்ந்து சுவரில் முட்டியது.

"என்னம்மா இது, கார் ஓடவே மாட்டேங்குது!"

"மெஷின் முழுசா உழைக்கணும்னுதானுங்க கேட்டீங்க. கார் ஓடணும்னு கேட்கலீங்களே!"

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"முப்பதே போதும் தாயி" என்றார் நாச்சிமுத்து. கடையைக் காலி செய்யும் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவேயில்லை.