மூன்று படகுகள்

மூன்று நட்பு நாடுகளின் போர்க்கப்பல்கள் கூட்டுப் பயிற்சிக்கு வந்திருந்தன. போன வருடப் பயிற்சியில் சந்தியாகு என்ற மாலுமி கடலில் விழுந்தான். எந்த நாட்டுப் படகு முதலில் இறங்குவது என்று மூன்று தளபதிகளும் கௌரவம் பார்த்தார்கள். கடல் பார்க்கவில்லை. அவனை விழுங்கிவிட்டது.

இந்த வருடம் வைக்கோல் பொம்மையை வீசி, மீட்கும் பயிற்சி.

"மந்திரிங்க பாக்குறாங்க. உத்தரவுக்குக் காத்திருக்காம மூணு படகும் பாயணும். பாயலேன்னா உன் வேலை போச்சு!" என்று, பொம்மை வீசும் மாலுமி செவத்தியானிடம் உறுமினார் அவன் கப்பலின் தளபதி.

செவத்தியான் மூன்று நாட்டுக் கொடிகளையும் பொம்மைமேல் சுற்றிக் கட்டிக் கடலில் வீசினான். யாரும் வாய் திறக்குமுன் மூன்று படகுகளும் பாய்ந்தன.

தளபதி கொதித்தார். "கொடியையாடா தண்ணியில போட்டே?"

"ஆமாங்கய்யா. சந்தியாகு விழுந்தப்ப அவன் மேல வெறும் சட்டைதான் இருந்துச்சு."