முதலுதவி அறைக்கு நாங்கள் நாலு பேர்

எங்கள் மில்லில் மூளை பகல் ஷிப்டில் வேலை பார்க்கிறது. ராத்திரி ஷிப்டில் நாங்கள் வேலை பார்க்கிறோம். இது மேனேஜர் சொன்னது. பத்தொன்பது வருஷமாக ராத்திரியில் நூல் ஓட்டுகிறவன் என்ற முறையில் எனக்கும் இதில் மறுப்பு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷிப்ட் முடிந்து முகம் கழுவிக்கொண்டிருந்த எங்கள் நாலு பேரை மேனேஜர் கூப்பிட்டார். மேஸ்திரி சின்னக்காளை, மெஷினுக்கு எண்ணெய் போடும் சவரிமுத்து, பஞ்சுத் தூசி கூட்டும் பூமிநாதன், அப்புறம் நான்.

"வியாழக்கிழமை பாக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். முதலுதவி அறை சட்டப்படி இருக்கணும். இல்லைன்னா ராத்திரி ஷிப்டை மூடிருவேன்னு போன தடவையே எழுதி வச்சுட்டுப் போயிட்டார். பகல்காரங்களுக்குப் பகல்ல வேலை இருக்கு. உங்களுக்குப் பகல்ல என்ன வேலை?"

"தூக்கம்ங்க," என்றான் பூமிநாதன்.

"அப்ப சும்மாதானே இருக்கீங்க," என்று அறைச் சாவியையும் ஒரு தாளையும் நீட்டினார். "இதுல என்ன போட்டிருக்கோ அதை மட்டும் செய்ங்க. சொந்தமா எதையும் யோசிக்காதீங்க."

அவர் கடைசியாகச் சொன்னதைத்தான் நாங்கள் முதலில் நிறைவேற்றினோம்.

ராத்திரி ஷிப்ட் நின்றால் நாற்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டும். மற்றவர்களாவது வேறு மில் தேடிப் போவார்கள். எனக்கு ராத்திரியில் தூங்கவே வராது. லீவு நாளில் விடிய விடியச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் சம்சாரம் நடுவில் விழித்து, "யாரது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இந்த ஷிப்டும் போய்விட்டால் அத்தனை ராத்திரிகளையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

தாளில் முதல் வரி: முதலுதவி தெரிந்த ஒருவரின் பொறுப்பில் அறை இருக்க வேண்டும். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிப் படிக்கிறவன். மில்லில் என் பெயரே புத்தகம்தான். முதலுதவி பற்றியும் ஒரு புத்தகம் என்னிடம் இருந்தது, முன்பாதி மட்டும். எந்த ஆபத்தை எந்த அறிகுறியால் கண்டுபிடிப்பது என்பது முன்பாதி. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பது பின்பாதி. அந்தப் பக்கங்களில் எந்தக் கடைக்காரரோ வடை மடித்துக் கொடுத்துவிட்டார்.

"பாதி தெரிஞ்சா போதாதா புத்தகம்? நம்மகிட்ட வர்றவனும் பாதி உசிரோடதானே வருவான்," என்றார் மேஸ்திரி. பொறுப்பு எனக்கு வந்தது.

அடுத்த வரி மருந்துப் பெட்டி பற்றியது. கீழே கண்ட பொருட்களைத் தவிர பெட்டியில் வேறெதுவும் இருக்கக் கூடாது என்று அடிக்கோடு போட்டிருந்தது. பஞ்சு ரோலைச் சுற்றியிருந்த நீலத் தாளைப் பட்டியலில் காணோம். கழற்றினோம். கத்தரிக்கோலின் உறையைக் காணோம். அதையும் கழற்றினோம்.

"அயோடின் கரைசல், நூறு மில்லி," என்று வாசித்தேன்.

"பாட்டில்னு போட்டிருக்கா?" என்றான் சவரிமுத்து.

தாளைத் திருப்பியும் பார்த்தேன். "போடலை."

"அப்ப பாட்டில் இருக்கக் கூடாது."

"பாட்டில் இல்லாம அது எப்படிடா நிக்கும்?" என்றான் பூமிநாதன்.

"நிக்கணும்னும் போடலையே."

மேஸ்திரி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கத்தான் போகிறாரோ என்று எங்களுக்குப் பயமாகிவிட்டது. நல்லவேளை, கண்ணைத் திறந்து, "ஊத்துங்கப்பா," என்றார்.

நூறு மில்லியும் அளவு குறையாமல் பெட்டிக்குள் போயிற்று. மரப்பெட்டி, அடியில் ஒழுக ஆரம்பித்தது. துடைத்ததில் பஞ்சு தீர்ந்தது. ஒழுகலை நிறுத்தக் கட்டுத்துணி ஆறு சுருளையும் பெட்டியைச் சுற்றிக் கட்டினோம்.

எடுக்கும் ஒவ்வொரு பொருளையும், சிகிச்சை பெற்றவரின் விவரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அடுத்த வரி. எழுதினேன். பெயர்: பெட்டி. வயது: புதுசு. காயம்: அடியில் ஒழுகல். சிகிச்சை: கட்டுப் போடப்பட்டது. நிலைமை: தேறி வருகிறது.

"மொத கேஸே பொழைச்சிருச்சு!" என்று மேஸ்திரி என் முதுகில் தட்டினார். பத்தொன்பது வருஷத்தில் யாரும் அந்த இடத்தில் தட்டியதில்லை. கண் கலங்கிவிட்டது. அறிகுறியை வைத்து, அயோடின் நெடி என்று நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

மேனேஜர் வந்து பார்த்தார். மருந்துக் கடைக்குப் போன் போட்டு இன்னொரு செட் சொன்னார். "இந்தத் தடவை பாட்டிலைத் தொட்டீங்கன்னா தெரியும்," என்றார். நாங்கள் தொடவே இல்லை. கடைக்காரர்தான் பாவம், வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, தானே பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை கடைசி வரிக்கு வந்தோம். விபத்து நடந்த மூன்று நிமிஷத்துக்குள் அடிபட்டவரை அறைக்குக் கொண்டுவர வேண்டும். ஒத்திகை பார்த்துவிடலாம் என்று, மில்லின் கடைக்கோடியில் பதினாலாம் மெஷினடியில் பூமிநாதனைப் படுக்க வைத்தோம். ஸ்டிரெச்சரில் தூக்கி வைத்ததுமே அவன் நிஜமாகத் தூங்கிவிட்டான். பகல் தூக்கத்தின் அருமை எங்களுக்குத்தான் தெரியும். எழுப்ப மனசு வராமல், குலுங்காமல், மெள்ள நடந்தோம். பதினொரு நிமிஷம் ஆயிற்று. மறுபடி அவனை எழுப்பி வைத்துக்கொண்டு ஓடிப் பார்த்தோம். அப்போதும் ஆறு நிமிஷம்.

"ரூமைப் பெயர்த்து மெஷின்கிட்ட வைக்க முடியாது," என்றார் மேஸ்திரி.

"அடியைப் பெயர்த்து ரூம்கிட்ட வைக்கலாம்ல?" என்றான் சவரிமுத்து.

எங்கள் நாலு பேரில் அவனுக்குத்தான் சட்டம் பிடிபடும். அறை வாசலிலிருந்து பத்தடி தள்ளி, தரையில் வெள்ளைப் பெயிண்டால் வட்டம் போட்டோம். மேலே போர்டு மாட்டினோம்: விபத்து நடக்கும் இடம்.

"ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு அடிபட்டா?" என்றான் பூமிநாதன்.

"வரிசையில வரட்டும்," என்றான் சவரிமுத்து.

வட்டத்திலிருந்து அறைக்கு நாற்பது செகண்ட். சட்டம் கொடுத்த நேரத்தில் பாதிகூட இல்லை. அன்றைக்கு நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல கனத்த சரீரம். சித்திரை வெயிலில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். அது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். முதலில் பெட்டியைப் பார்த்தார்.

"இதுக்கு ஏன்யா கட்டுப் போட்டிருக்கு?"

"இப்ப பரவாயில்லைங்க சார்," என்றார் மேஸ்திரி.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீதான் பொறுப்பா? ஒருத்தன் மயக்கம் போடப் போறான்னா எப்படித் தெரியும்?"

ராத்திரியெல்லாம் மெஷின் சத்தத்தில் சொல்லிப் பார்த்த பக்கம். "முகம் வெளுக்கும், நெத்தியில குளிர்ந்த வேர்வை வரும், கண்ணு சொருகும், காலு தளரும் சார்!"

"சரியாச் சொல்றியே! அப்புறம் என்ன செய்வே?"

"அப்புறம் பக்கம் இல்லைங்க சார்."

அவர் நோட்டை மூடிவிட்டு, மெஷின்களைப் பார்க்க வேண்டும் என்று நடந்தார். உள்ளே ஈரச்சூடு வேறு. பதினாலாம் மெஷினடியில் நின்று நெற்றியைத் துடைத்தார்.

"சார், இதேதான் சார்!" என்றேன். "வெளுக்குது பாருங்க. வேர்வை வந்திருச்சு. இப்ப கண்ணு சொருகும்."

சொருகியது. ஒரு வரி விடாமல், புத்தகத்தில் இருந்த வரிசைப்படியே விழுந்தார். அவ்வளவு ஒழுங்காக விழுந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

பூமிநாதன் ஸ்டிரெச்சரோடு ஓடி வந்தான். மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருப்பா. இது விபத்து நடக்கும் இடம் இல்லை."

"இங்கதானே விழுந்து கெடக்கார்?"

"வட்டம் புதுசு. தெரியாம விழுந்துட்டார்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். நேரக்கணக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதால் அவசரப்படவில்லை. நடுவில் இரண்டு தடவை இறக்கி வைத்துக் கை மாற்றிக்கொண்டோம். வட்டத்துக்குள் கிடத்தினோம். ஒரு கால் கோட்டுக்கு வெளியே நீண்டிருந்தது. மடக்கி உள்ளே வைத்தேன். மேஸ்திரி விசில் ஊதினார். அப்புறம் பார்க்க வேண்டுமே எங்கள் வேகத்தை!

கட்டிலில் அவராகவே கண் விழித்தார். தகவல் கேட்டு ஓடி வந்த மேனேஜர் பைலால் விசிறிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமாச்சு?" என்றார் மெல்லிய குரலில்.

"முப்பத்தெட்டே செகண்டுங்க சார்!" என்றோம் நாலு பேரும்.

மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கிட்டத்தட்ட இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டை வாங்கி எழுத ஆரம்பித்தார். "ரூம் இருக்கு. கட்டில் இருக்கு. மருந்து இருக்கு. ஆளுங்கதான்..." பேனா நின்றது. எங்களைப் பார்த்தார். என்னை அவ்வளவு துக்கத்தோடு பார்க்கிற இன்னொரு முகம் சவரக் கண்ணாடியில்தான் உண்டு. என் ராத்திரிகள் எல்லாம் அந்தப் பேனா முனையில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒரு மாசம் டயம் தர்றேன்," என்றார் மேனேஜரிடம். "இந்த நாலு பேரை விட்டுட்டு வேற யாருக்காவது பயிற்சி கொடுத்து ராத்திரியில வைங்க. அதுவரைக்கும் ஷிப்ட் ஓடட்டும்."

"அதுவரைக்கும் ராத்திரியில ஏதாவது ஆச்சுன்னா சார்?"

"ராத்திரியில ஒருத்தருக்கும் அடிபடக் கூடாது. ஒரு சின்ன அடி பட்டதாக் கேள்விப்பட்டாலும் மூடிருவேன்," என்று சொல்லிவிட்டு, எங்களைத் தொடவிடாமல், தானே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.

அன்று ஷிப்ட் ஆரம்பிக்கும்போது மேஸ்திரி நாற்பது பேரையும் நிறுத்தி உத்தரவைச் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று நாள் குறையில்லாமல் போயிற்று. நாலாம் நாள், ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போது, சவரிமுத்துவின் விரல் மெஷினுக்குள் போய்த் திரும்பி வந்தது. நகம் பாதியைக் காணோம்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். "ரத்தம் வருது, வீக்கம் இருக்கு. இது அடிதான்."

"சும்மா இரு புத்தகம்," என்றான் சவரிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்கு இன்னும் அடிபடலை."

மேஸ்திரி மணியைப் பார்த்தார். ஐந்தரை. "தாங்குவியாடா?"

"நாப்பது குடும்பம் மேஸ்திரி. தாங்குவேன்."

விரலை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றான். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்று, இன்னும் இருபது நிமிஷம்தான், இன்னும் பத்துதான் என்று தைரியம் சொன்னோம். கண்ணில் நீர் வழிந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. பகல்காரர்கள் உள்ளே வந்தார்கள். மேஸ்திரி அவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஐயோ!" என்றான் சவரிமுத்து.