பின்சீட்டுக்கு அடியில் போன வயர்

தாணுலிங்கத்துக்கு நடந்தது அநியாயம். அவர் முட்டி போட்டு, குனிந்து, வியர்த்து இழுத்து முடித்த வயரை மாஸ்டர் வெட்டி எடுத்தார். வண்டிக்காரர், அவர் குடும்பம், பக்கத்துக் கடைக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. தப்பு என்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று யாராவது தடுத்தார்களா என்ன?

மாஸ்டர் என்றால் மெர்லின். முப்பது வயது. நாகர்கோவில் பைபாஸ் ஓரத்தில் கார்களுக்குப் பாட்டுச் சாமான்கள் மாட்டித்தரும் கடை அவருடையது. சிஷ்யர் தாணுலிங்கத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஊர் ஊராக மைக் செட் கட்டிய மனிதர். கார் வேலையும் படிக்கலாமே என்று வந்து சேர்ந்தவர்.

"பொம்பளப் பிள்ளைகிட்டயா வேலை படிக்கப் போறீரு?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"வேலை தெரிஞ்சவங்ககிட்டதான படிக்க முடியும். உம்மகிட்டயா வர முடியும்?" என்றார்.

அன்று மெர்லின் வெளியே போயிருந்தார். வேளாங்கண்ணிக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆம்ப்ளிஃபையரும் சப்வூஃபரும் பின்னால் டிக்கியில் வைக்க வேண்டும். பேட்டரி முன்னால் இருக்கிறது. தாணுலிங்கம் பேட்டரியிலிருந்து வயரை இழுத்து, பானெட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரத்தின் துளை வழியாக உள்ளே விட்டு, பின்சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டுக்குள் மறைத்து, டிக்கிக்குக் கொண்டுபோனார். ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் ஃபியூஸ் போட்டார். மைக் செட்டில் அப்படித்தான். பெட்டியைக் காப்பாற்றுகிற ஃபியூஸ் பெட்டியோடுதான் இருக்கும்.

பாட்டைப் போட்டதும் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் குதிகாலால் கார்ப்பெட்டில் தாளம் போட்டாள். வண்டிக்காரர் தாணுலிங்கத்தின் தோளைத் தட்டினார்.

அப்போதுதான் மெர்லின் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"ஃபியூஸ் எங்க, அண்ணாச்சி?"

"டிக்கியில. ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல."

மெர்லின் பின்கதவைத் திறந்தார். "பாப்பாவ இறக்குங்க."

"ஏம்மா? நாங்க கிளம்பணும்" என்றார் வண்டிக்காரர்.

"இறக்குங்க."

பாட்டு நின்றது. மெர்லின் பேட்டரியைக் கழற்றினார். டிக்கியில், ஃபியூஸுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் கட்டரை வைத்து வெட்டினார். முன்பக்கம் போய் வயரை முழுதாக உருவினார். ஃபியூஸ் அதன் வாலில் தொங்கிக்கொண்டு வந்தது.

"என்ன மாஸ்டர் இது" என்றார் தாணுலிங்கம்.

மெர்லின் வயரைத் தரையில் நீட்டிப் போட்டார். வயர் தகரத் துளையில் உரசுகிற இடத்தைப் பிளேடால் சீவினார். வண்டித் தகரத்துக்குப் பதிலாக, வாசலில் கிடந்த இரும்புத் தகட்டோடு அந்த இடத்தைச் சேர்த்துக் கட்டினார். பழைய பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து, தகட்டை அதன் ஒரு முனையில் மாட்டினார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க."

வயரின் பேட்டரிப் பக்கத்து நுனியை இடுக்கியால் பிடித்து மற்ற முனையில் அழுத்தினார்.

பொறி பறந்தது. அடுத்து புகை. வயரின் மேல்தோல் கொப்பளித்து, உருகி, தீப்பிடித்தது. மெர்லின் இடுக்கியை எடுத்துவிட்டு மண்ணை அள்ளிப் போட்டார். வண்டிக்காரரின் மனைவி குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார்.

"உங்க ஃபியூஸ் என்னாச்சு, அண்ணாச்சி?"

தாணுலிங்கம் குனிந்து பார்த்தார். வயரின் வாலில் ஃபியூஸ் அப்படியே இருந்தது.

"ஒண்ணும் ஆகல."

"ஆம்ப்ளிஃபையர்?"

"அதுக்கும் ஒண்ணும் இல்ல."

வண்டிக்காரர் தாணுலிங்கத்தை நோக்கிக் கையை நீட்டினார். "மைக் செட்காரன வண்டியில கை வைக்க விட்டா இப்படித்தான். கல்யாண வீட்டுல கொழாய் ஸ்பீக்கர் கட்டப் போகச் சொல்லுங்க இவர."

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். மெர்லின் காதில் அது விழுந்தது. மறுத்து ஒரு வார்த்தை? கிடையாது. புது வயரை எடுத்து, தகரத் துளையில் ரப்பர் வளையம் போட்டு, வயர் எங்கே உரசினாலும் முதலில் அதுவே அறுந்துபோகும்படி பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸை வைத்து, எல்லாவற்றையும் தானே மாட்டினார். தாணுலிங்கத்தை டார்ச் பிடிக்க மட்டும் விட்டார்.

வண்டி போனது.

தாணுலிங்கம் கையைக் கழுவினார். பையை எடுத்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"மாஸ்டர், நாளைக்கு நான் வருவேனா, மாட்டேனான்னு எனக்கே தெரியல. போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"தப்பு என்னோடது. அதுல பேச்சே இல்ல. ஆனா, வயர எடுத்த பெறகு பயம் போயிருச்சுல்லா? மிச்சத்த எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம். நாலு பேரு முன்னால வச்சு எரிச்சுக் காட்டினீங்க. அந்த ஆளு என்னப் பேசினப்ப வாயத் தெறக்கல. நீங்க எனக்குச் செஞ்சது நியாயமா?"

"இல்ல."

நியாயம்தான் என்று மெர்லின் சொல்லியிருந்தால் வாதாடலாம். அதற்கு எத்தனையோ பதில் வைத்திருந்தார் தாணுலிங்கம். பையைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"அதெப்படி மாஸ்டர்?"

"நான் செஞ்ச அநியாயத்துக்கு நீங்க திரும்பி வந்து நியாயம் கேக்க முடியுது, அண்ணாச்சி. பின்சீட்டுல தீப்பிடிச்சிருந்தா அந்தப் பாப்பா வந்து கேக்க முடியுமா?"