கறுப்பு பனியனில் கறுப்பு நூல்

திருப்பூரில் ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது, காவி கிடையாது. பெயர் சவுடேஸ்வரி, வயது முப்பத்தொன்று. மங்கலான வெளிச்சத்தில் சின்னக் கேமராவை வைத்துக்கொண்டு வீடியோ எடுப்பது எப்படி என்று, ஒரு மாவு மில்லுக்கு மேலே மாடி அறையில் சொல்லிக்கொடுத்து வந்தார்.

அவருக்கு ஒரே சீடர். பெயர் சென்னியப்பன், வயது ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர். அவர் பிடித்த விளக்குச் சூட்டில் மை கரையாத மணப்பெண் அந்த ஜில்லாவிலேயே கிடையாது. "இப்பல்லாம் யாருங்க லைட்டு புடிக்கிறாங்க? லென்ஸு நல்லா அகலமா வாயைத் தொறந்தாப் போதும், அதுவே வெளிச்சத்தைக் குடிச்சுக்கும்" என்று ஒரு கடைக்காரர் சொன்னார். மறுநாளே சென்னியப்பன் விளக்குகளைப் பரணில் போட்டுவிட்டு, அகல வாய் லென்ஸ் ஒன்றோடு குருவின் மாடிப்படி ஏறிவிட்டார்.

குருவை அவர் 'டீச்சர்' என்பார். குரு அவரை 'அண்ணா' என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சென்னியப்பன் படியில் தடதடவென்று ஏறிய சத்தத்தில், மில்லில் அரிசி அரைக்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். படிக்கு ஒரு திட்டாகத் திட்டிக்கொண்டே வந்தார்.

"டீச்சர், இன்னியோட இந்தத் தொழிலை விட்டர்றனுங்க."

"உக்காருங்கண்ணா."

"உக்கார மாட்டனுங்க."

அவர் கோபத்துக்குக் காரணம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே துளசிமணி என்ற பெண்ணும் இன்னும் மூன்று பேரும் செக்கிங் வேலை பார்த்தார்கள். தைத்து வரும் பனியனில் நூல் நீட்டிக்கொண்டிருக்கும். பிசிறு என்பார்கள். அதைக் கண்டுபிடித்து வெட்ட வேண்டும். இந்த மாசம் வந்ததெல்லாம் கறுப்பு பனியன், கறுப்பு நூல். நிறையப் பிசிறு தப்பிப் போனது. 'உங்களுக்கெல்லாம் கண்ணு போயிருச்சு, வீட்டைப் பார்த்துப் போங்க' என்று மேனேஜர் நாலு பேரையும் நிறுத்திவிட்டார்.

'போனது கண்ணு இல்லீங்க, லைட்டு. எட்டு டியூப்லைட்டுல ஆறு எரியறதில்லை' என்று நாலு பேரும் தொழிலாளர் அதிகாரியிடம் போய் நின்றார்கள். வேலை நேரத்தில் அந்த ஹாலைப் படம் எடுத்து வந்து காட்டுங்கள் என்றார் அவர். அவர்கள் குருவிடம் வந்தார்கள். குரு சீடரை அனுப்பினார். அன்று காலை அதிகாரி அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்.

"என்ன சொன்னாருங்கண்ணா?"

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். முகம் நீண்டது. குரல் மூக்குக்கு ஏறிக்கொண்டது.

"'ம்ம். காட்சியில் வெளிச்சம் போதுமானதாகவே தெரிகிறது. சுவர்க் காலண்டரில் ராகுகாலம்கூட வாசிக்க முடிகிறது. தங்கள் புகார்தான் என்னம்மா?'"

"மேனேஜர்?"

சென்னியப்பன் நெஞ்சை நிமிர்த்தி, குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டார்.

"'படம் எடுத்தவருக்கு ரொம்ப நன்றிங்க. இதையே கம்பெனி விளம்பரத்துக்கு வச்சுக்கட்டுங்களா? நம்ம ஹால் இத்தனை அம்சமா இருக்கும்னு எனக்கே தெரியாமப் போச்சுங்க.' ஆபீசே சிரிச்சுதுங்க டீச்சர்."

"துளசிமணி?"

இந்தக் குரலை மட்டும் அவர் செய்து காட்டவில்லை.

"'இது எங்க ஹாலே இல்லீங்ணா'ன்னாங்க. அதுதானுங்க எனக்கு ஆத்திரம் தாங்கலை. பின்ன நான் எங்க போய் எடுத்தேன், ஊட்டிக்குப் போயா? அவங்க உக்கார்ற பெஞ்சுக்கு முன்னாடி நின்னு எடுத்தேன். இருட்டை வெளிச்சமாக் காட்டற நம்பர் ஒண்ணு கேமராவுல இருக்குதுங்களே, அதைத் தாங்கற மட்டும் ஏத்தினேன். லென்ஸை முழுசாத் தொறந்தேன். அந்த இருட்டுல இப்படிப் பளிச்சுனு எடுக்க இந்த ஊர்ல எவன் இருக்கான்? நீங்களே பார்த்து ஒரு குறை சொல்லுங்க பார்க்கலாம்."

குரு அவர் செல்போனை வாங்கி அந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்.

"குறை இல்லைங்கண்ணா. நான் எடுத்திருந்தாக்கூட இவ்வளவு தெளிவா வந்திருக்காது."

"பார்த்தீங்களா."

"அப்ப வச்ச நம்பர் ஞாபகம் இருக்குங்களா?"

"கேமராவுல அப்படியேதானுங்க இருக்குது. எதையும் தொடலை. எவனாவது கேட்டா எடுத்துக் காட்டறதுக்கு."

"நல்லதாப் போச்சு. அந்த மேசையைப் பார்த்து வைங்க."

குரு அலமாரியிலிருந்து, கம்பெனிகள் கழித்த பனியனை விற்கும் செகண்ட்ஸ் கடையின் பை ஒன்றை எடுத்தார். துளசிமணி அவருக்கும் போன் பண்ணியிருக்க வேண்டும். பைக்குள் கறுப்பு பனியன் பத்து. மேசையில் அடுக்கினார்.

சென்னியப்பன் கேமராவின் திரையைப் பார்த்தார். "ஒரே வெள்ளைங்க. பனியனும் தெரியலை, மேசையும் தெரியலை. வெயில் வெளிச்சத்துக்கு இந்த நம்பர் ஆகுங்களா?"

"நம்பரைத் தொடாதீங்க. ஜன்னலைச் சாத்துங்க."

சாத்தினார். வெள்ளைதான். இன்னொரு ஜன்னலைச் சாத்தினார். கொஞ்சம் சாம்பல் தட்டியது. குரு ஒரு கெட்டியான சென்னிமலைப் போர்வையை எடுத்து நீட்டினார். வெளிச்சம் வழிந்த ஜன்னல் இடுக்கெல்லாம் மூடும்படி அதைக் கட்டினார். இன்னொன்று. இன்னும் ஒன்று.

"நியாயம் கேட்டு வந்தவனைப் பந்தல் போட வச்சிட்டீங்களே" என்று முனகினார் சென்னியப்பன்.

"திரையில எப்ப உங்க வீடியோ மாதிரியே வருதோ, அப்ப நிறுத்திக்கலாம்."

நாலாவது போர்வை கட்டியதும் சென்னியப்பன் செல்போனைக் கேமராத் திரைக்குப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் குரலில் பெருமை திரும்பியிருந்தது.

"வந்திருச்சுங்க. அதே கறுப்பு, அதே மேசை. அச்சு அசல் அந்த ஹாலேதான்."

"நிச்சயமாங்களா?"

"ஒரு நூல் வித்தியாசம் இல்லைங்க."

"செல்போனை உள்ள வைங்க. கேமராவை அணைச்சிடுங்க."

அணைத்தார். கையை நீட்டி மேசையைத் தடவித் தேடினார்.

"டீச்சர்?"

"எதிர்லதான் இருக்கேன். கண்ணு பழகட்டும், இருங்க."

கண் பழகியது. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை. அந்த ஆளின் கை நீண்டு, நூல் வெட்டும் குட்டிக் கத்திரி ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தது.

"பத்து பனியன் இருக்கு. பிசிறு பார்த்து வெட்டிக் குடுங்க."

சென்னியப்பன் உட்கார்ந்தார். முதல் பனியனைத் தூக்கிப் பிடித்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கதவிடுக்குப் பக்கம் திருப்பினார். விரலால் தையல் ஓரமாகத் தடவிக்கொண்டே போனார். மூன்றாவது பனியனில் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஆறாவதில் கத்திரி எதையோ கடித்தது, நூல் மாதிரி இல்லை.

"துளசிமணி ஒரு நாளைக்கு எத்தனை பார்க்கறாங்களாம்?" என்று கேட்டார்.

"எழுநூறு."

எட்டாவது பனியனை எடுக்கும்போது இருட்டிலிருந்து வெண்ணெய் தடவிய குரல் ஒன்று வந்தது. மேனேஜரின் குரல். குரு அதை அவரைவிட நன்றாகவே செய்தார்.

"'என்னங்கண்ணா, கண்ணு போயிருச்சுங்களா? ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க. இல்லாட்டி வீட்டைப் பார்த்துப் போங்க.'"

"விளையாடாதீங்க டீச்சர்." கத்திரியை மேசையில் டப்பென்று வைத்தார். "இந்த இருட்டுல மனுசன் என்னத்தைப் பார்க்க முடியும்?"

குரு எழுந்து போய் ஒரு ஜன்னலின் போர்வையை அவிழ்த்துக் கதவைத் திறந்தார்.

வெயில் மேசைமேல் விழுந்தது. பனியன்களில் பிசிறு புல் மாதிரி நின்றது. ஆறாவது பனியனின் தோளில், விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

சென்னியப்பன் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். காலையில் வந்த கோபம் வேறு. இப்போது வந்தது சத்தம் போடவில்லை.

"அந்த மேனேஜர் தினம் அந்த ஹாலுக்குள்ள நடக்கறானுங்க. அவனுக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சுதான் என்கிட்ட விளம்பரத்துக்குக் கேட்டான். நானும் உள்ளுக்குள்ள கொஞ்சம் பூரிச்சுட்டனுங்க." பனியனை மடித்து வைத்தார். "அவன் மாட்டாத ஆறு டியூப்லைட்டையும் நான் மாட்டிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

குரு அடுத்த போர்வையை அவிழ்த்தார்.

"வெள்ளிக்கிழமை காலையில அதிகாரி இன்னொருக்கா கூப்பிட்டிருக்காருங்க. துளசிமணி அழுது கேட்டதுக்கு. அன்னிக்கு நாலு பேருக்கும் வேலை உண்டா இல்லையான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருவாராம். விடுங்க, நான் நாளைக்கே போய் லென்ஸ் வாயைச் சுருக்கி, கன்னங்கரேல்னு எடுத்துட்டு வந்தர்றேன்."

"மேனேஜர் என்ன சொல்வார்?"

வெண்ணெய்க் குரல் அவருக்குத் தானாகவே வந்துவிட்டது. "'அன்னிக்கு வெளிச்சம், இன்னிக்கு இருட்டு. இவரு கேமராவைத் திருகறாருங்க சார்.'" நிறுத்தினார். "சொல்வானுங்க. திருகத்தானே போறேன்."

"ஆமாங்கண்ணா."

"வெளிச்சமா எடுத்தாலும் அவன் ஜெயிக்கறான். இருட்டா எடுத்தாலும் அவனே ஜெயிக்கறான். அப்புறம் எப்படித்தானுங்க எடுக்கறது? நீங்க குருதானே, சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்கு என்ன லென்ஸ் கொண்டுட்டு வரட்டும்?"

குரு போர்வையின் இரண்டு முனைகளை அவரிடம் நீட்டினார். இரண்டு பேருமாக அதை உதறி மடித்தார்கள்.

"அதிகாரி உக்கார்ற ரூமுக்கு ஜன்னல் எத்தனைங்கண்ணா?"

"மூணுங்க. ஒவ்வொண்ணும் வாசக்கதவு உசரம்."

"அதே லென்ஸ் போதும். நம்பரைத் தொடாமக் கொண்டு வாங்க. போர்வை மட்டும் ஆறா எடுத்துக்குங்க. பேனா அவர்கிட்டயே இருக்கும்."