பின்கண்ணாடிக்குக் கீழே ஒரு வரி

சவரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கம்ப்யூட்டரில் ஓடும் பஸ் விளையாட்டுக்கு வண்டி செய்யக் கற்றுக்கொடுத்த தேன்மொழிக்கு இருபத்தாறு. அவர் டீச்சர் என்பார், அவள் அண்ணே என்பாள். வகுப்பில் மற்றவர்களுக்கு அது சிரிப்பு.

தான் இருபது வருஷம் ஓட்டிய மினிபஸ்ஸை விளையாட்டுக்குள் அப்படியே செய்திருந்தார், நசுங்கின பம்பர் உட்பட. பின்கண்ணாடிக்குக் கீழே மகள் ஸ்டெனி எட்டு வயதில் பெயிண்டால் எழுதிய வரியையும் போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார். பஸ் காயலாங்கடைக்குப் போய்விட்டது. ஸ்டெனி இறந்து மூன்று வருஷம்.

அன்று பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் மேல் ஒட்டும் படத்தை பிஎன்ஜி வடிவத்தில் வைத்தபோது எழுத்து பளிச்சென்று இருந்ததாம், பஸ்தான் மாட்டுவண்டியாக நகர்ந்ததாம். ஜேபிஜியில் கோப்பு சின்னது, விளையாட்டுக்குள் விரிந்ததும் அதே கனம். டிடிஎஸ்ஸில் பஸ் பறக்கிறது, எழுத்து கலங்குகிறது. அதிலேயே நாலு தினுசு பார்த்துவிட்டாராம்.

"இதுல எது டீச்சர் நல்லது?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். எழுத்து இருந்த இடத்தில் சிவப்பும் நீலமுமாகக் கட்டங்கள்.

"இதை எதுலேர்ந்து மாத்தினீங்க?"

"முன்னாடி மாத்தினதுலேர்ந்துதான். ஒண்ணு மேல ஒண்ணா."

அவள் கை நின்றது. ஒவ்வொரு மாற்றமும் எழுத்தைக் கொஞ்சம் தின்றிருக்கிறது. முதல் படம் எங்கே, அந்த போட்டோ எங்கே என்று கேட்டாள்.

லேப்டாப்பில் இடம் பத்தவில்லை என்று விளையாட்டு சொன்னதாம். அதான் பஸ்ஸிலேயே ஒட்டியாச்சே என்று போட்டோ உட்பட எல்லாவற்றையும் அழித்துவிட்டாராம். சொல்லச் சொல்லவே அவர் குரல் இறங்கியது.

"வேற ஏதாவது வடிவத்துக்கு மாத்தினா திரும்பி வந்துரும்ல?"

அவள் பஸ்ஸின் பின்பக்கத்தைத் திரை நிறைய வைத்து அவர் பக்கம் திருப்பினாள்.

"படிங்கண்ணே."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கட்டங்களின் மேல் விரல் வைத்து, எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தார்.

"எங்க அப்பா வண்டி. இடிச்சா அடிப்பேன்."

பிறகு விரல் கொஞ்சம் கீழே இறங்கியது.

"இங்க ஒரு பூ. ஆறு இதழ். ஒண்ணு மட்டும் சின்னது, பெயிண்ட் தீந்துபோச்சு அவளுக்கு."

தேன்மொழி அந்த இடத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எனக்குக் கட்டம்தான் தெரியுது. நீங்க படிச்சது இந்தப் படத்துல எங்கயும் இல்லண்ணே. அதை எதுல சேமிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."