பூவாணிக்குளத்து டெலஸ்கோப்பு

பூவாணிக்குளத்தில் பலவேசம் வாயைத் திறந்தால் பறக்கிற காக்காய் கூட இறங்கி உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போகும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் பலவேசம்தான்.

ஆட்டோவில் மைக் செட்டைக் கட்டிக்கொண்டு ஊரூராக அறிவிப்புச் சொல்வது அவன் பிழைப்பு. கோயில் கொடை, துணிக்கடைத் தள்ளுபடி, துஷ்டி, எதுவானாலும் அவன் குரல்தான். துஷ்டி அறிவிப்பில் இறந்தவருக்கு நாலு நல்ல குணத்தைக் கையிலிருந்து போட்டுச் சேர்த்துவிடுவான். அதைக் கேட்டு, 'இப்பேர்ப்பட்ட மனுஷனையா இத்தனை காலமும் ஏசினோம்' என்று வீட்டுக்காரர்களே புதிதாக அழுவார்கள்.

அப்பேர்ப்பட்டவனிடம் போய் உதவி கேட்டது தமயந்தி டீச்சரின் போதாத காலம்.

தமயந்தி உள்ளூர் நடுநிலைப்பள்ளியில் அறிவியல் எடுக்கிறவள். உள்ளதை உள்ளபடி சொல்லாவிட்டால் சோறு இறங்காது. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைப் புகழ்ந்தபோது, "இது கடையில வாங்கினது" என்று சொல்லிச் சபையை அமைதியாக்கியவள். அவள் மாவட்டத்து அறிவியல் மன்றத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தொலைநோக்கியை இரவல் வாங்கி வந்திருந்தாள். தை மாதம், குளம் நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறையப் பறவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் கரைக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று ஆசை.

போன ஞாயிறு வந்தது ஒரு வெள்ளாடு. அதுவும் பறவைப் படம் ஒட்டிய அட்டையைத் தின்னத்தான் வந்தது. பிள்ளைகள் எல்லாம் டியூஷனில். தமயந்தி தனியாக நின்று அத்தனை பறவையையும் தானே பார்த்துவிட்டுத் திரும்பினாள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இந்த ஞாயிறும் பிள்ளைகள் வராவிட்டால் தொலைநோக்கி வடக்கூருக்குப் போய்விடும் என்று மன்றத்தில் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு ஞாயிறு. கூட்டம் சேர்த்துத் தரச் சொல்லித்தான் பலவேசத்திடம் வந்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் ரேஷன் கடை வாசலில் ஊரே கூடியிருந்தது. கைரேகை மிஷினுக்குச் சிக்னல் வரவில்லை. ஆட்கள் புங்கமரத்து நிழலில் உட்கார்ந்திருக்க, வெயிலில் அவர்களுக்குப் பதிலாக வரிசையில் நின்றவை மஞ்சப்பை, ஓட்டை வாளி, செங்கல், ஒற்றைச் செருப்பு. பை நின்றால் ஆள் நின்ற மாதிரி. அது பூவாணிக்குளத்துச் சட்டம்.

"டீச்சர், நீங்க பேசாம நில்லுங்க. கூட்டத்த நான் பாத்துக்கிடுதேன்" என்று பலவேசம் மரத்தடிக்குப் போனான். அவன் கண் ஆவுடைத்தங்கத்தின் மேல்தான். அவள் தன் ரெட்டைப் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறாளோ, கீழத்தெருவே பிள்ளைகளை அங்கே அனுப்பும்.

"மைனி, டீச்சர் ஒரு டெலஸ்கோப்பு கொண்டாந்திருக்காவ. நேத்து நான் கண்ண வச்சேன். அக்கரையில ஒரு நாரை மீன முழுங்குது. மீனு தொண்டையில எறங்குறது தெரியுது. அந்த மீனு மூஞ்சியில இருந்த கவல கூடத் தெரியுது!"

"மீனுக்கு என்ன கவல?" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"ஒங்கள ஒருத்தன் முழுங்கினா கவல வராதா மைனி?"

"என்னைய முழுங்கினா அவனுக்குல்லா வரணும் கவல!"

மரத்தடி சிரித்தது. தமயந்தி அவன் பக்கம் சாய்ந்து, "பலவேசம், உள்ளத மட்டும் சொல்லுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உள்ளதச் சொல்லித்தான டீச்சர் போன வாரம் ஆடு வந்துச்சு?"

அவன் திரும்பிக்கொண்டான். "இதக் கேளுங்க. அந்தப் பறவைக எல்லாம் நம்ம மாதிரி முண்டியடிக்காது. மீனு பிடிக்க வரிசை. ஒரு கொக்குக்கு அவசரமா எங்கயாவது போவணும்னு வைங்க, ஒரு எறகப் பிடுங்கி வரிசையில வச்சிட்டுப் போவுது. திரும்பி வந்து எறக எடுத்துச் செருகிட்டு அதே எடத்துல நிக்கிது."

முன்னாள் வார்டு மெம்பர் மந்திரம் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டார். "ஏன் வே, ஒரு கொக்கு வச்ச எறக இன்னொரு கொக்கு தள்ளி வச்சா?"

"சண்டதான் அண்ணாச்சி. ஆனா ஒண்ணு, அதுக ஆத்தா அப்பன இழுத்துப் பேசாது."

போன மாதம் இதே இடத்தில் செங்கல்லுக்காக நடந்த சண்டையை நினைத்துக்கொண்டு ரெண்டு பேர் தலையைக் குனிந்தார்கள்.

பலவேசத்துக்கு வாய் ஊறிவிட்டது. "பறவைய விடுங்க. டீச்சர் பள்ளிக்கூடத்துல பிள்ளைகள வச்சு மண்புழு உரம் போட்டாவள்லா? அதுல ஒரு புழு தொட்டிய விட்டுத் தப்பிச்சு அண்ணாச்சி வயலுக்குள்ள பூந்துட்டு. விடியுறதுக்குள்ள வயல் பூரா உழுது முடிச்சு, வரப்புல நீட்டிப் படுத்துக் கெடக்கு. நான் ரப்பர் ஓசுக் குழாய்னு நெனச்சு ஒரு முனைய மோட்டார்ல மாட்டிட்டேன்!"

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. உரத்தோட கலந்து வந்துச்சு!"

"என் வயலா?" என்று மந்திரம் எழுந்தேவிட்டார். "நான் பாக்கலையே வே!"

"நீரு என்னைக்கு வயலுக்குப் போனீரு?"

இந்த முறை சிரிப்பில் கடைக்காரத் தம்பி கூட மிஷினை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். தமயந்திக்குக் காது மடல் சுட்டது. மண்புழுவுக்குக் கண் கிடையாது, தோலால்தான் மூச்சுவிடும் என்று அவள் ஒரு வருடம் பாடம் நடத்தியிருக்கிறாள். ஒருவரும் வீட்டில் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை. இந்தப் புழு சாயங்காலத்துக்குள் எட்டு ஊர் போய்விடும்.

"கடைசியா ஒண்ணு. இத நான் யாருக்கும் சொல்லல" என்று பலவேசம் குரலை இறக்கினான். மைக் பிடித்த குரல், இறக்கினாலும் கடைத்தெரு வரை கேட்டது. "போன பௌர்ணமிக்கு அந்த டெலஸ்கோப்ப நெலாவப் பாத்துத் திருப்பினேன். திருகத் திருக நெலா கிட்ட வருது. இன்னும் திருகினேன். பனை உசரத்துக்கு வந்துட்டு! குளத்துத் தண்ணி பொங்கிக் கரைய முட்டுது. நாய் எல்லாம் கட்டிலுக்கு அடியில போயிட்டு. ஊரு அழிஞ்சிரும்னு டெலஸ்கோப்பத் தலைகீழாத் திருப்பி, மறு பக்கமாக் கண்ண வச்சு, ஒரே தள்ளு! தள்ளினதுதான் கொஞ்சம் கூடிப்போச்சு. மறுநா நெலா சிறுத்துக் கெடந்துச்சே, கவனிச்சியளா?"

"அது தேய்பிறை வே!" என்று மந்திரம் கத்தினார்.

"ஊரு பயந்துரக்கூடாதுன்னு நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

ஆவுடைத்தங்கம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு கொழுந்தனாரே. ஆனா அம்புட்டும் புளுகு. இந்தப் புளுகக் கேக்கவா என் பிள்ளைக டியூஷனக் கெடுக்கணும்? இதத்தான் இங்கயே கேட்டாச்சே."

மரத்தடியில் பல தலைகள் ஆமாம் என்று ஆடின. நிலாவுக்கு மேலே போகப் பலவேசத்திடமும் ஒன்றும் இல்லை.

தமயந்தி கண்ணுக்கு வடக்கூர்க்காரர்கள் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது. விருட்டென்று நடுவில் வந்து நின்றாள்.

"அக்கா, அவர் சொன்னது பூரா பொய். நான் ஒரு உண்மை சொல்லுதேன். நம்ம குளத்துல தலையில ரெண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்து நிக்கி. வரித்தலை வாத்துன்னு பேரு. அது எங்க முட்ட போட்டுக் குஞ்சு பொரிக்கி தெரியுமா? திபெத்துல, மங்கோலியாவுல. அங்க குளிர் தொடங்கவும் கெளம்பி, இமயமலையத் தாண்டிப் பறந்து நம்ம குளத்துக்கு வருது!"

"எந்த இமயமல? இந்தப் பனி மூடின மலையா?" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"அதேதான். மனுஷன் மேல போனா மூச்சுத் திணறிச் சுருண்டு விழுவான். அது றெக்கைய அடிச்சிட்டே தாண்டிருது. குஞ்சுகளும் தாய் தகப்பனோட பறந்து வழியப் படிச்சுக்கிடும். பங்குனி வாக்குல திரும்பவும் அதே மலையத் தாண்டி ஊருக்குப் போயிரும்."

புங்கமரமே இலை உதிர்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு எழும்பியது. ஒரு கிழவர் புரையேறி, பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டினார்.

"ஏ டீச்சர்! இமயமலையத் தாண்டி இங்கயா?" ஆவுடைத்தங்கம் தரையை அடித்துச் சிரித்தாள். "நம்ம ஊருக்கு டவுன் பஸ்ஸே வர மாட்டேங்கு!"

மந்திரம் அண்ணாச்சி எழுந்து தீர்ப்புச் சொன்னார். "பலவேசம், இன்னைக்கு நீரு தோத்தீரு. நெலாவத் தள்ளினதாவது ஒரு மாதிரி. வாத்து மங்கோலியாவுல இருந்து வருதாம்! டீச்சரம்மா, ஒங்களுக்குள்ள இப்படி ஒரு சரக்கு இருக்குன்னு தெரியாமப் போச்சே."

"அண்ணாச்சி, சத்தியமா…"

"சத்தியம் வேற பண்ணுதாவ பாரு!"

ஆவுடைத்தங்கம் எழுந்து புடவையைத் தட்டினாள். "நாளைக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டு நானே வாரேன் டீச்சர். டியூஷன் கெடக்கட்டும். அந்த வாத்த நாங்க பாக்கணும். தெரு பூரா வாரோம். இமயமல தாண்டின களைப்பு அது மூஞ்சியில தெரியுதான்னு பாத்துட்டு அப்புறம் பேசுதேன் ஒங்ககிட்ட."

"நானும் வாரேன்" என்றார் மந்திரம். "புளுகக் கையும் களவுமாப் பிடிக்கணும்லா."

அது புளுகில்லை, புத்தகத்தில் இருக்கிறது, ஆராய்ச்சிக்காரர்கள் வாத்தின் மேல் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள் என்று தமயந்தியின் நாக்கு நுனி வரை வந்தது. சுற்றிப் பார்த்தாள். ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, "ஏட்டி, நாளைக்குக் காலையில குளத்துக்கு வா, டீச்சர் மாட்டப் போறாவ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தமயந்தி நாக்கை மடக்கிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஊர் தன்னைப் பொய்க்காரி என்று நினைக்கட்டும் என்று பேசாமல் நின்றாள்.

மிஷினுக்குச் சிக்னல் வந்துவிட்டது. எல்லோரும் தங்கள் பையையும் செங்கல்லையும் தேடி ஓடினார்கள். மரத்தடியில் பலவேசமும் டீச்சரும் மட்டும் மிஞ்சினார்கள். பலவேசத்தின் முகம் செத்துப்போயிருந்தது. தொழில்காரன் தொழில்காரனுக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"ஜெயிச்சிட்டிய டீச்சர். இல்லங்கல. ஆனாலும் பொய் சொன்னா பொருந்தச் சொல்லணும். அந்த வாத்து மதுரையில இருந்து வருதுன்னு சொல்லியிருந்தா, நானே நம்பியிருப்பேன்."